ஸ்டேஜ் ரேஸ், துருத்தி ஊதின பையன், அப்புறம் எங்க அயித்தை

ஜூலை மாசம் வந்துட்டா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சைக்கிள் பந்தயம் பார்க்கிறது எனக்குப் பழக்கம். டூர் த பிரான்ஸ். மூணு வாரம் ஓடும். வீட்டுல இருக்கிறவங்க வருஷா வருஷம் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "நேத்தும் இதே ஆளுங்கதானே ஓட்டுனாங்க? இன்னுமா முடியல?"

நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிஞ்ச பந்தயம் எல்லாம் ஒரே மூச்சுல முடியிறது. எங்க புதுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம்னா போற தூரம் இத்தனை மைல், வர்ற தூரம் இத்தனை மைல், முதல்ல வந்தவனுக்குக் குத்துவிளக்கோ அண்டாவோ. கதை முடிஞ்சுது. ஸ்டேஜ் ரேஸ் அப்படி இல்லீங்க. ஒவ்வொரு நாளும் ஒரு ஊர்ல கிளம்பி இன்னொரு ஊர்ல முடிப்பாங்க. அன்னிக்கு எவ்வளவு நேரம் எடுத்தோம்னு குறிச்சு வச்சு, எல்லா நாள் நேரத்தையும் கூட்டிக்கிட்டே வருவாங்க. கூட்டுத்தொகை யாருக்குக் குறைச்சலோ அவர்தான் ஜெயிச்சவர். ஒரு நாள்கூட முதல்ல வராமலே மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 1990ல அமெரிக்காக்காரர் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் ஜெயிச்சார்.

சரி, இந்த வில்லங்கமான யோசனை யாருக்கு வந்துச்சு? சைக்கிள் ஓட்டுறவனுக்கு இல்ல, பத்திரிகைக்காரனுக்கு!

1900 வாக்குல பாரீஸ்ல ரெண்டு விளையாட்டுப் பத்திரிகைக்கு நடுவுல சண்டை. ஒண்ணு 'லெ வெலோ', பச்சைத் தாள்ல அச்சடிச்சது. அதுக்குப் போட்டியா வந்தது 'லோட்டோ', மஞ்சள் தாள். லோட்டோவுக்கு ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்ச். பத்திரிகை சரியா போகல. 1902 நவம்பர்ல ஆபீஸ்ல கூடிப் பேசுறாங்க. ஜியோ லெஃபெவ்ர்னு ஒரு இளவட்ட நிருபர், பிரான்ஸைச் சுத்தி பல நாள் சைக்கிள் பந்தயம் விட்டா என்னன்னு எடுத்து விடுறார். அதுக்கு முன்னாடியும் நெடுந்தூரப் பந்தயம் இருந்துச்சு. 1891ல பாரீஸ்ல இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புற 1200 கிலோமீட்டர் பந்தயத்துல சார்ல் தெரோன்னு ஒருத்தர் 71 மணி நேரத்துக்கு மேல தூங்காம ஓட்டி ஜெயிச்சிருக்கார். ஆனா அது ஒரே ஓட்டம். லெஃபெவ்ர் சொன்னது துண்டு துண்டா வெட்டி, நடுவுல ஓய்வு விட்டு, மறுபடி ஓட்டுறது.

எனக்கு இதைப் படிச்சப்போ டக்குனு தோணினது நம்ம தொடர்கதைதான். நம்ம வாரப் பத்திரிகைங்க எப்படி வளர்ந்துச்சு? கடைசி வரியில 'தொடரும்'னு போட்டு. 1950ல ஆரம்பிச்சு மூணரை வருஷம் 'கல்கி'ல பொன்னியின் செல்வன் வந்தப்போ, கடைக்குப் புத்தகக் கட்டு வர்றதுக்கு முன்னாடியே ஆளுங்க நிப்பாங்களாம். அதே வித்தைதான் இது. டிவி இல்ல, ரேடியோ இல்ல. பந்தயம் ராத்திரியில கடந்து போயிரும். என்ன ஆச்சுன்னு தெரியணும்னா மஞ்சப் பேப்பரை வாங்கித்தான் ஆகணும். ஒவ்வொரு ஊர் எல்லையிலயும் ஒரு 'தொடரும்'.

1903 ஜூலை 1ஆம் தேதி பாரீஸுக்கு வெளிய மோன்ஜெரோன்ங்கிற ஊர்ல ஒரு சாராயக் கடை வாசல்ல 60 பேர் கிளம்புனாங்க. மொத்தம் ஆறு கட்டம், 2428 கிலோமீட்டர். முதல் கட்டம் பாரீஸ்ல இருந்து லியோன், 467 கிலோமீட்டர். நம்ம கணக்குல சொல்லணும்னா புதுக்கோட்டையில மிதிக்க ஆரம்பிச்சு மெட்ராஸும் தாண்டிப் போறது. ரோடு மண்ணு ரோடு. கியர் கிடையாது. மாத்து டயரைத் தோள்ல குறுக்கால மாட்டிக்கிட்டு ஓட்டணும். ஜூலை 19ல பாரீஸ் வந்து சேர்ந்தவங்க 21 பேர். ஜெயிச்சவர் மோரிஸ் காரேன். சின்ன வயசுல புகைபோக்கி சுத்தம் பண்ணுற வேலை பார்த்தவர். லோட்டோ விற்பனை 25,000ல இருந்து 65,000க்குப் போச்சு. அடுத்த வருஷமே லெ வெலோ மூடிட்டாங்க. பந்தயம் ஜெயிச்சது காரேன் மட்டும் இல்ல பாருங்க.

1904ல ஒரே ரகளை. எங்க ஊர்க்காரன்தான் ஜெயிக்கணும்னு ஊருக்கு ஊர் ஆளுங்க ரோட்டை மறிச்சு அடிக்க வந்திருக்காங்க, ஆணியைக் கொட்டியிருக்காங்க. ஓட்டுறவங்க பங்குக்கு காருலயும் ரயிலுலயும் ஏறிப் போனதா புகார். கடைசியில முதல் நாலு பேரையும் தகுதி நீக்கம் பண்ணி, 19 வயசுப் பையன் ஆன்றி கோர்னேவை ஜெயிச்சவன்னு அறிவிச்சாங்க. இதையெல்லாம் பார்த்துத்தான் தெக்ராஞ்ச் சட்டம் மேல சட்டமாப் போட ஆரம்பிச்சது. அதுல முக்கியமானது: யாரும் யாருக்கும் உதவக் கூடாது. சைக்கிள் உடைஞ்சா உடைஞ்சவனேதான் சரி பண்ணணும்.

இந்தச் சட்டத்துல சிக்கின ஆளு எழேன் கிறிஸ்தோஃப். 1913. பிரனீஸ் மலையில தூர்மலே கணவாய் இறக்கத்துல அவர் சைக்கிளோட முன் போர்க் முறிஞ்சு போச்சு. மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்கிற நிலையில இருந்தவர். சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல இறங்கி நடந்து, செந்த் மரி த காம்பான்ங்கிற கிராமத்துல ஒரு கொல்லுப்பட்டறையைக் கண்டுபிடிச்சார். கொல்லர் அங்கதான் நிக்கிறார், ஆனா கை வைக்கக் கூடாது. பந்தய அதிகாரிங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருக்காங்க. கிறிஸ்தோஃப் தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடிச்சு, மூணு மணி நேரத்துக்கு மேல போராடி ஒட்ட வச்சார். ரெண்டு கையும் இரும்புல இருக்கு, நெருப்பு அணையப் போகுது. பட்டறையில இருந்த சின்னப் பையன் துருத்தி ஊதினான்.

அதுக்குத் தண்டனை 10 நிமிஷம்! அப்புறம் குறைச்சு 3 நிமிஷம் ஆக்குனாங்களாம். அதுக்குள்ள பந்தயமே கை நழுவிப் போயிருச்சு. 1919ல முன்னணியில இருக்கிறவருக்கு மஞ்சள் சட்டை கொடுக்கிற வழக்கம் வந்தப்போ அதை முதல்ல போட்டவர் இதே கிறிஸ்தோஃப்தான். மஞ்சள் எதுக்குன்னா, பத்திரிகைத் தாள் மஞ்சள். அந்த வருஷமும் போர்க் உடைஞ்சுது பாவம். கடைசி வரைக்கும் டூரை ஜெயிக்கவே இல்ல.

இந்தத் துருத்திப் பையன் கதையை எப்போ படிச்சாலும் எனக்கு எங்க ஊர் 'சைக்கிள் விடுறவர்' ஞாபகம் வரும். ஊர்ப்பக்கத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பொட்டல்ல கயிறு கட்டி, டியூப்லைட் போட்டு, குழாய் ஸ்பீக்கர்ல பாட்டு வச்சு, ஒருத்தர் ஏழு நாள் எட்டு நாள் இறங்காம வட்டமா சைக்கிள் ஓட்டுவார். சைக்கிள்லயே சாப்பிடுவார், சைக்கிள்லயே குளிப்பார். ராத்திரிக்கு நெஞ்சுல டியூப்லைட் உடைக்கிறது, குழியில புதையறதுன்னு நிகழ்ச்சி. ஊர்ச்சனம் சட்டையில ஒரு ரூவா, ரெண்டு ரூவா குத்தும். கடைசி நாள் ஊரே மாலை போடும். இதே மாதிரி 1890கள்ல நியூயார்க்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஆறு நாள் பந்தயம் நடந்திருக்கு. தூக்கம் இல்லாம ஆளுங்க பித்துப் பிடிச்ச மாதிரி ஆகவும், ஒரு ஆள் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்ந்து மாத்தி மாத்தி ஓட்டுனாங்க. எங்க பொட்டல்ல சட்டம் எதுவும் இல்ல. அவருக்குத் தண்ணி மொண்டு கொடுக்க, சோறு நீட்ட, தூங்கி விழப் போனா கூடவே ஓடித் தாங்கிப் பிடிக்க எங்க தெருப் பசங்க அத்தனை பேரும் இருந்தோம். யாரும் அவருக்குப் பத்து நிமிஷம் தண்டனை போடல :-)

இப்போ ஒரு பொம்பளை கதை. பேரு அல்ஃபொன்சினா ஸ்த்ராதா. இத்தாலியில மோதெனா பக்கத்து ஏழைக் குடும்பம். இத்தாலிக்காரங்களும் டூரைப் பார்த்து 1909ல ஜிரோ த இத்தாலியான்னு தங்கள் பந்தயத்தை ஆரம்பிச்சாங்க. நடத்தினது யாருங்கறீங்க? அதுவும் பத்திரிகைதான், 'கஜெத்தா தெல்லோ ஸ்போர்ட்'. அது ரோஸ் தாள், அதனால அங்க ரோஸ் சட்டை. 1924ல பணத் தகராறுல பெரிய அணிங்க எல்லாம் வர மாட்டோம்னுடுச்சு. ஆள் பத்தல. அந்த இடைவெளியில அல்ஃபொன்சினா பேர் கொடுத்துட்டாங்க. பட்டியல்ல கடைசி எழுத்தை விட்டுட்டு 'அல்ஃபொன்சின்'னு அச்சாச்சு. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாத மாதிரி.

12 கட்டம், 3613 கிலோமீட்டர். எட்டாவது கட்டத்துல மழையும் காத்துமா அடிச்சதுல விழுந்து ஹேண்டில்பார் உடைஞ்சு போச்சு. விளக்குமாத்துக் கம்பை ஒடிச்சுச் சொருகிக்கிட்டு ஓட்டுனாங்கன்னு சொல்றாங்க. ஊர் வந்து சேர்றப்போ நேரக்கெடு தாண்டிப் போச்சு. கணக்குல இருந்து எடுத்துட்டாங்க. ஆனா கூட்டம் இவங்களைப் பார்க்கத்தானே வருது! அதனால பத்திரிகைக்காரங்க "கணக்குல சேராது, ஆனா ஓட்டிக்கோ"ன்னுட்டாங்க. மிலான் வரைக்கும் ஓட்டியே முடிச்சாங்க. கிளம்பின 90 பேர்ல கணக்குப்படி முடிச்சவங்க 30 பேர்தான். அதுக்கப்புறம் அவங்களை ஜிரோவுல சேர்க்கவே இல்ல. பிரான்ஸ்லயும் பொம்பளைங்க டூர் 1955ல ஒரு தடவை, 1984ல இருந்து சில வருஷம்னு வந்து வந்து நின்னு போய், 2022ல 'டூர் த பிரான்ஸ் ஃபாம்'னு மறுபடி ஆரம்பிச்சுது.

கணக்குல சேராது, ஆனா ஓட்டிக்கோ. இந்த இடத்துலதான் நான் பிரான்ஸ், இத்தாலியை விட்டுட்டு ஊருக்கு வர்றேன். கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க.

1991ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோட சேர்த்து சைக்கிளையும் வச்சார் அந்தம்மா. காரணம் ரொம்ப லேசானது. பாடம் சொல்லிக் கொடுக்கப் போற பொண்ணுங்க உள்கிராமத்துக்கு எப்படிப் போவாங்க? பஸ் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அண்ணன் தம்பி கொண்டுபோய் விடணும். கொண்டுபோய் விட ஆள் வேணும்னா, அவன் வேண்டாம்னா போக முடியாது. சைக்கிள் வாங்க பேங்க்ல கடன் கொடுக்க வச்சார். முத்து பாஸ்கரன்னு ஓர் அறிவொளித் தொண்டர் எழுதின சைக்கிள் பாட்டு ஊர் ஊரா ஒலிச்சுது. 1992 மகளிர் தினத்தன்னிக்கு 1500க்கு மேல பொம்பளைங்க கொடி கட்டின சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை டவுனுக்குள்ள வந்தாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேல கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கத்துக்கிட்டாங்கன்னு கணக்குச் சொல்றார். 1996ல வந்த அவர் புத்தகத்துல அந்தக் கட்டுரை இருக்கு. என்.சி.இ.ஆர்.டி.யோட எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்துல பல வருஷம் அது பாடமா இருந்துச்சு. பீகார்ல, உ.பி.ல பசங்க புதுக்கோட்டையைப் பத்திப் பரீட்சை எழுதியிருக்காங்க, நமக்குத்தான் தெரியாது.

எங்க அயித்தை (அப்பா கூடப் பிறந்தவங்க) அந்த லட்சத்துல ஒருத்தி. ஆலங்குடிக்குக் கிழக்கே கிராமம். அப்போ 31 வயசு. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதும் சைக்கிள் கத்துக்கிட்டதும் ஒரே மூணு மாசத்துல. லேடீஸ் சைக்கிள் கிடைக்கல, ஆம்பளை சைக்கிள்தான். கிடைச்சாலும் வேண்டாம்னுருக்கும். பார் இருந்தாத்தான் பிள்ளையை முன்னாடி உக்கார வைக்க முடியும். நிலா வெளிச்சத்துல களத்துமேட்டுல ரெண்டு பேர் கேரியரைப் பிடிச்சுக்கிட்டே ஓடுவாங்க. அதுல ஒரு ஆள் அறிவொளித் தொண்டர். இன்னொரு ஆள் எங்க அப்பத்தா, அறுபது வயசுல! "விட்றாதீக ஆத்தா, விட்றாதீக"ன்னு அயித்தை கத்துறது தெரு முழுக்கக் கேக்கும். டீக்கடையில ஆம்பளைங்க பேசின பேச்சை இங்க எழுத முடியாது.

அயித்தை வீட்டுல முல்லைத் தோட்டம் உண்டு. அதுவரைக்கும் டிவிஎஸ் 50ல வர்ற வியாபாரி சொன்னதுதான் விலை. சைக்கிள் வந்ததுக்கப்புறம், விடியக்காலம் மூணரைக்குத் தலையில டார்ச் லைட்டைக் கட்டிப் பறிச்சு, ஈரத்துணியில சுத்தி, மூட்டையைக் கேரியர்ல வச்சுக் கட்டி கீரமங்கலம் கமிஷன் கடைக்குத் தானே கொண்டுபோக ஆரம்பிச்சுது. ஒன்பது கிலோமீட்டர். அங்கயும் நேரக்கெடு உண்டு. வெயில் ஏறிட்டா மொட்டு விரிஞ்சுரும், விரிஞ்ச பூவுக்குப் பாதி விலை. ஐப்பசி மழையில செயின் அறுந்து நடந்து போன நாள்ல வாங்கின காசை முப்பது வருஷம் கழிச்சும் சொல்லும். பார்ல ஒரு பொம்பளைப் பிள்ளை உக்காந்திருக்கும். 1992ல பிறந்தவ, எங்க அயித்தை மக. கமிஷன் கடையில தராசுத் தட்டைப் பார்த்துப் பார்த்தே கணக்குக் கத்துக்கிட்டவ.

2018 நவம்பர் 16. கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி தஞ்சாவூர், புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டது. விடிஞ்சு பார்த்தா தென்னை ஒண்ணு நிக்கல. கரண்ட் கம்பம் எல்லாம் மடிஞ்சு கிடக்கு. செல்போன் டவர் இல்ல. அயித்தை மகளைப் பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர்ல கட்டிக் கொடுத்திருந்தது. எட்டு மாசம். ஓட்டு வீடு. இருக்காளா இல்லையான்னு தெரியல. மாமா பைக்கை எடுத்துட்டுப் போய் ஒரு கிலோமீட்டர்ல திரும்பி வந்துட்டார். ரோடு முழுக்க மரம். கார் போகாது, பைக் போகாது, கால்நடையாப் போனா எப்போ போய்ச் சேர?

அயித்தை சைக்கிளை எடுத்துட்டு வெளிய வந்துச்சு. 58 வயசு அப்போ. "மரம் இல்லாத எடத்துல மிதிக்கிறேன், மரம் உள்ள எடத்துல தூக்குறேன்" அவ்வளவுதான் சொன்னது. எத்தனை மரம்னு எண்ணல. ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் யாராச்சும் இருந்திருக்காங்க. தன் வீட்டுக் கூரையே பறந்து போய் நின்னவங்க. இந்தப் பக்கம் ஒருத்தர் தூக்கிக் கொடுக்க, அந்தப் பக்கம் ஒருத்தர் வாங்கி வச்சிருக்கார். ஒரு இடத்துல கம்பி தொங்குதுன்னு சொல்லி வயக்காட்டு வழியா ஒரு பையன் முன்னாடி நடந்து வழி காட்டியிருக்கான். யாரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல, "மககிட்ட போறேன்" போதுமானதா இருந்திருக்கு. அஞ்சு மணி நேரம் ஆச்சாம்.

வீடு பாதி விழுந்து கிடந்துச்சு. உள்ள ஆள் இல்ல. அந்த நிமிஷத்தை மட்டும் அயித்தை இன்னிக்கு வரைக்கும் விவரமாச் சொன்னதில்ல. "பள்ளிக்கூடத்துல இருந்தா, கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தா"ன்னு நேரா அங்க தாண்டிரும். மகளுக்கு டிசம்பர் கடைசியில பையன் பிறந்தான்.

தெக்ராஞ்ச் சட்டப்படி பார்த்தா எங்க அயித்தை முதல் மரத்துலயே அவுட்டு. கடைசியில ஒரே ஒருத்தன் மட்டும் ஊர் போய்ச் சேரணும், அதுதான் அந்த மனுசனோட கனவுப் பந்தயம்னு சொல்லுவாங்க. ஒத்தை ஆளோட வீரத்தை வித்தாத்தான் பேப்பர் விக்கும். அதைத் தப்புன்னு சொல்லல, நானே ராத்திரி ராத்திரி உக்காந்து பார்க்கிறவன்தான். ஆனா நெடுந்தூரம்ங்கிறது ஒத்தை ஆள் சமாச்சாரம்னு அவங்க எழுதி வச்சது எனக்கு ஒப்பல. டூர்லயே அந்தச் சட்டம் நிக்கல பாருங்க. இன்னிக்கு அணி, பின்னாடி கார், மெக்கானிக், மாத்துச் சைக்கிள், தண்ணி எடுத்துக் கொடுக்கவே தனி ஆளுங்க. கேரியரைப் பிடிச்சுக்கிட்டு யாரோ ஓடினாத்தான் ஒருத்தர் சைக்கிள் ஓட்ட முடியும். இது புதுக்கோட்டைக்கு 1991லயே தெரிஞ்சிருக்கு.

கிறிஸ்தோஃப் பட்டறைக்கு இன்னிக்கும் பெயர்ப் பலகை இருக்கு. களத்துமேட்டுல கேரியரைப் பிடிச்சு ஓடின எங்க அப்பத்தாவுக்குப் பலகை கிடையாது, அது பரவாயில்ல. ஒரு பதிவாவது இருக்கட்டுமேன்னுதான் இவ்வளவும். மக்களே, உங்களுக்கு யார் கேரியரைப் பிடிச்சாங்க? கத்துக்கிட்ட கதை எல்லாருக்கும் உண்டு, பிடிச்ச ஆள் கதையை யாரும் எழுதக் காணோம். எழுதுங்க.

டிஸ்கி: அயித்தைகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். "மருமகனே, என் பேரைப் போடாதே, அந்த வெள்ளைக்காரப் பய பேரைப் போட்டியா, துருத்தி ஊதினானே அவன் பேரு?"ன்னு கேட்டுச்சு. தேடிக்கிட்டிருக்கேன்.